வட்டம் என்றால் வரும்

தமிழ்மணிக்கு வயது நாற்பத்திரண்டு. தமிழ் படிக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் பர்மாவில், மிங்கலா தாங்ஞுன்ட் என்கிற பேட்டையில் ஒரு மாடிக் கூடத்தில் நடக்கிற ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில், முப்பது பிள்ளைகளுக்குப் படிப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துக் குறித்துவைக்கும் வேலை அவளுக்குத்தான் கிடைத்திருந்தது.

பெயர் வைத்தது அப்பா. இன்சீன் ரயில் பட்டறையில் போல்ட்டு முறுக்கியவர். மகளுக்கு அந்தப் பெயரை வைத்ததோடு தமிழுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செய்தாயிற்று என்று இருந்துவிட்டார். அவள் எட்டாவது வரை படித்தது பர்மியப் பள்ளிக்கூடத்தில். பிறகு பதினேழு வருஷம் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் சரிபார்க்கிற வேலை. நல்ல சட்டைக்குச் சாக்கட்டியால் வட்டம், பழுதுக்குப் பெருக்கல் குறி. தொழிற்சாலையை மூடிய பிறகு, பள்ளிக்கூடத்து வாத்தியார் கருப்பையா பொறுமையாகக் கணக்குப் பார்க்க ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு வந்தாள். தமிழ் வருமா என்று அவர் கேட்கவே இல்லை. இப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டு வராமல் போகுமா என்று நினைத்திருப்பார். முதல் வாரம் அவள் பிள்ளைகளின் காலரைப் பிரட்டிப் பிரட்டிப் பார்த்தாள். பழக்க தோஷம்.

கூடம் ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தம். அதன் செயலாளர் வள்ளியப்பன், பருப்பு வியாபாரி. அவர் போட்ட ஒப்பந்தப்படி, பதிவேட்டில் முப்பது பேர் இருக்க வேண்டும். வருஷக் கடைசியில் அதில் இருபத்து நாலு பேர், முன்பின் பார்க்காத ஒரு பத்தியைப் படித்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பள்ளி காலி, கூடம் அன்னதான அண்டாக்களை அடுக்குகிற கிடங்கு. மூன்று அண்டாக்கள் முன்கூட்டியே வந்து மாடிப்படித் திருப்பத்தில் காத்திருந்தன. இடைவேளையில் பிள்ளைகள் அவற்றுக்குள் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள்.

வள்ளியப்பனுக்கு இலக்கு என்றால் உயிர். ஆளுயர அட்டையில் ஏணி ஒன்று வரைந்து, கூடவே முப்பது காகிதக் கிளிகளையும் கொடுத்தனுப்பியிருந்தார். ஒரு பிள்ளை ஒரு பாடம் முடித்தால் அதன் பெயர் எழுதிய கிளி ஒரு படி ஏறும். கிளிகளை நம்பாத தமிழ்மணி தனியாக ஒரு நோட்டும் வைத்திருந்தாள். பிள்ளைகள் படிப்பதைக் காதால் கேட்டு, படிக்க வரும் என்றால் ‘வ’. வராது என்பதும் ‘வ’விலேயே ஆரம்பித்துத் தொலைத்ததால் அதற்குப் பெருக்கல் குறி. அவளுக்குத் தெரிந்தது பர்மிய எழுத்து. பர்மிய ‘வ’ ஒரு முழு வட்டம், சட்டைக்குப் போட்ட அதே வட்டம். கை தானாகவே போட்டுக்கொண்டு போனது.

மழைக்காலத்தில் பிரேமா என்கிற பிள்ளையின் குடும்பம் சொல்லாமல் கொள்ளாமல் எல்லைப் பக்கம் போய்விட்டது. இருபத்தொன்பது. தமிழ்மணி ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு பதிவேட்டில் அந்த வரிசையில் ‘தமிழ்மணி, முதல் வகுப்பு’ என்று பர்மிய எழுத்தில் எழுதி, வயதுக் கட்டத்தைக் காலியாக விட்டாள். கருப்பையா பார்த்தார், இருமினார், பக்கத்தைத் திருப்பினார். பிரேமாவின் கிளியில் மட்டும் பெயரை மாற்ற மனசு வரவில்லை. அது இரண்டாம் படியில் பிரேமாவாகவே நின்றது.

எழுதிய நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பொய்ப் பெயர் என்று தெரிந்தால் கூடம் போய்விடும், அதுவும் அவளால் போகும். மாணவி என்று எழுதியாயிற்று, குறைந்தபட்சம் படித்தாவது தொலைப்போம் என்று, ஊரைச் சுற்றிவருகிற வட்ட ரயிலில் போகும்போதும் வரும்போதும் பாடம் ஆரம்பித்தாள். அவள் வீட்டில் தமிழில் அச்சடித்த பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, ஒரு பெருங்காய டப்பா. அதை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினாள். எதிரில் இருந்தவர்கள் எழுந்து வேறு பெட்டிக்குப் போனார்கள். இரண்டு மாதத்தில் ‘காற்றுப் புகாமல் மூடி வைக்கவும்’ வரை வந்துவிட்டாள். ஆனாலும் நோட்டில் தன் பெயருக்கு நேரே வாராவாரம் பெருக்கல் குறிதான். டப்பா ஒரு பத்தி ஆகாது என்பதில் அவள் கறாராக இருந்தாள்.

ஆய்வு நாளன்று காலையிலிருந்தே மின்சாரம் இல்லை. வள்ளியப்பன் வேர்த்து வழிய மாடியேறி, அண்டாக்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, அட்டையின் முன் வந்து நின்றார். அந்த நேரம் பார்த்து, “மீ லா பீ” என்று பிள்ளைகள் பர்மியத்தில் கத்தினார்கள். மின்சாரம் வந்துவிட்டது. யாரும் நிறுத்தி வைத்திராத நாலு விசிறிகளும் சேர்ந்து சுழன்றன. பசை காய்ந்து கிடந்த முப்பது கிளிகளும் ஏணியை விட்டுக் கிளம்பின. பத்து மாத முன்னேற்றம் கூடம் முழுக்கப் பறந்தது. ஒன்று வள்ளியப்பனின் சட்டைப் பையில் போய் உட்கார்ந்தது.

அவர் அதை எடுத்துப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். “நோட்டைக் குடுங்க, மா தமிழ்மணி.” பர்மியத்தில் பெண்கள் பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ஒரு ‘மா’ போடுவார்கள்.

பெயர், பெயரை அடுத்துப் பர்மிய எண்ணில் வயது, வயதை அடுத்து வரிசை வரிசையாக வட்டம். பர்மியத்தில் பூஜ்யமும் ஒரு முழு வட்டம்தான்.

“அத்தனை பிள்ளைக்கும் பூஜ்யமா?”

“பூஜ்யம் இல்லைங்க ஐயா. அது வ.”

பர்மியத்தில் ‘வ’ என்றால் குண்டு. வயிறு நிறைந்தாலும் அதே ‘வ’தான். வள்ளியப்பன் முதல் வரிசையில் குச்சிபோல் நின்ற ஒருவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“இவனா வ?”

“வரும்னு வ, ஐயா. படிக்க வரும்.”

“அப்ப பெருக்கல் போட்டது?”

“அது வராது.”

“வராதுக்கும் வ தானேம்மா?”

“அதனாலதான் பெருக்கல்.”

வள்ளியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். இந்த நோட்டு செல்லாது என்றும், ஒவ்வொருவரும் தன் முன்னால் படிக்கட்டும் என்றும் சொல்லி, பையிலிருந்து புதுப் புத்தகம் ஒன்றை எடுத்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவன் கீழே தெருவில் போகிறவர்களுக்கும் சேர்த்துப் படித்தான். ஒருத்தி இரண்டு வரியில் திணறி, புத்தகத்தை மூடிவிட்டுத் தனக்குத் தெரிந்த வேறு கதையைச் சொன்னாள். கதை நன்றாகவே இருந்தது, ஆனால் கணக்கில் வராது. இருபத்தொன்பது பேர் முடிந்தபோது தேறியவர்கள் இருபத்து மூன்று. வள்ளியப்பன் நோட்டைத் திருப்பிக் கடைசி வாரத்து வட்டங்களை எண்ணினார். அதுவும் இருபத்து மூன்று. அதே பிள்ளைகள், ஒன்றுகூட மாறவில்லை. அவர் மூக்கைச் சொறிந்துகொண்டார்.

“இன்னும் ஒண்ணு வேணும். முப்பதாவது யாரு? தமிழ்மணி, முதல் வகுப்பு. உங்க பேரே வச்சிருக்காளே, எங்க அந்தப் பிள்ளை?”

அண்டாவுக்குள் ஒளிந்துகொள்ளலாமா என்றுகூடத் தமிழ்மணிக்குத் தோன்றியது. “நான்தாங்க ஐயா,” என்றாள்.

கருப்பையா இருமினார். பிரேமா போனதையும் தான் பெயரை எழுதியதையும் அவள் மறைக்காமல் சொன்னாள். தப்பு தன்னுடையது, பிள்ளைகள் ஒன்றும் செய்யவில்லை என்றாள். வள்ளியப்பன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். புத்தகத்தை எடுக்கப் போனவர் நிறுத்தினார். அதைப் பிள்ளைகள் படித்து இவள் கேட்டாயிற்று. பையிலிருந்து ஒப்பந்தத்தையே எடுத்து விரித்து, நாலாவது பத்தியில் விரலை வைத்தார்.

“இதைப் படிங்க. வராட்டி கூடத்துச் சாவியைக் குடுத்துடுங்க.”

ஒப்பந்தத்தை அதுவரை யாருமே படித்ததில்லை. படிக்கத் தெரியாததால் அவள் படிக்கவில்லை. படிக்கத் தெரிந்ததால் மற்றவர்கள் படிக்கவில்லை.

தமிழ்மணி காகிதத்தை மூக்குக்கு நேரே பிடித்தாள். பெருங்காய வாசனை இல்லாதது ஒரு மாதிரியாக இருந்தது. வட்ட ரயில் போலவே எல்லா நிலையத்திலும் நின்று நின்று போனாள். “மா... ண... வர். மாணவர். எவ்... வய... தின... ரா...” அங்கே நீண்ட நேரம் நின்றாள். பிள்ளைகளின் வாய்கள் அவளோடு சேர்ந்து அசைந்தன, சத்தம் மட்டும் வரவில்லை. “யினும். பதி... வேட்டில்... ஒரு... மா... தம்... இருந்... தால்... கணக்கில்... சேர்க்... கப்... படு... வார்.”

படித்து முடித்துவிட்ட நிம்மதியில் அவள் மூச்சு விட்டாள். என்ன படித்தோம் என்பது மண்டையில் ஏறவில்லை. வள்ளியப்பனுக்கு ஏறிவிட்டது.

“அந்த இரண்டாவது வார்த்தையை மறுபடி சொல்லுங்க.”

“எவ்வயதினராயினும்.” இந்த முறை ஒரே மூச்சில் வந்தது. வந்த பிறகுதான் அர்த்தமும் வந்தது. எந்த வயதுக்காரராக இருந்தாலும். நாற்பத்திரண்டாக இருந்தாலும். நாலு மாதமாக அவளுக்குச் சோறு இறங்காமல் போனது, படிக்காத ஒரு வார்த்தையால்.

வள்ளியப்பன் ஒப்பந்தத்தை மடித்துப் பையில் வைத்தார். தான் போட்ட ஒப்பந்தத்தைத் தானே முதல் முறையாகக் கேட்ட முகம். “வரும்,” என்றார். “இருபத்து நாலு. எழுதிக்குங்க, சயாமா.”

சயாமா என்றால் டீச்சரம்மா. அவர் அவளை அப்படிக் கூப்பிட்டது அன்றுதான். அவள் தன் பெயருக்கு நேரே வட்டம் போடப் போக, அவர் அவசரமாகத் தடுத்தார். “பூஜ்யம் போட்டுடாதீங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.” ஆகவே தமிழ் ‘வ’வாகவே எழுதினாள். அது கொஞ்சம் சாய்ந்துகொண்டு, உட்காரலாமா நிற்கலாமா என்று யோசிப்பதுபோல் இருந்தது.

கிளிகளைப் பொறுக்கி ஏணியில் ஒட்டி முடிக்க அரைமணி ஆனது. பிரேமாவின் கிளி வள்ளியப்பன் கையிலேயே இருந்தது. தமிழ்மணி அதை வாங்கி, யாரையும் கேட்காமல் உச்சிப் படியில் ஒட்டினாள். போன ஊரில் படிக்காமலா இருக்கப்போகிறாள்.

இறங்கும்போது அண்டாக்களும் இறங்கிக்கொண்டிருந்தன. தெருமுனை மொகிங்காக் கடையில் உட்கார்ந்து, அவள் மூன்று கிண்ணம் மீன்குழம்புச் சேமியாவை நிறுத்தாமல் சாப்பிட்டாள். கடைக்காரி பயந்துபோய், வயிறு நிறைந்ததா என்று பர்மியத்தில் கேட்டாள்.

“வ,” என்றாள் தமிழ்மணி. எந்த மொழியில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.