மதகை மூடச் சொன்னவள்

அந்த மதகை மூடச் சொன்னவள் நான்தான். என் அண்ணனின் பயிரை மூழ்கடித்தது மழையல்ல... நான்!

வலங்கைமான் பக்கம் வயல்களுக்கு நடுவே எழுந்த பசுமை நகரத்தைத் திட்டமிட்டவள் நான். கூரைதோறும் சோலார் தகடு, சைக்கிள் பாதை, நடுவில் ஓர் ஏரி. அங்கேயே குடியும் புகுந்தேன். இன்று சைக்கிள் பாதையில் கார்கள் நிற்கின்றன. கோடையில் ஏரியை நிரப்ப ஆழ்குழாய்க் கிணற்றில் மோட்டார் ஓடுகிறது. இதற்கா இத்தனை படிப்பு!

மதிலுக்கு வெளியே அண்ணனின் வயல். அதன் வடிகால் வாய்க்காலை வளைத்து எங்கள் ஏரியில் விட்டதும் நான்தான். மதிலடியில் ஒரு மதகு. திறந்தால் வயல் வடியும். ஏரி பெருகித் தெருவுக்கு வரும். மூடினால் தெரு தப்பிக்கும். வயல்...?

கார்த்திகை அடைமழை. மறுநாள் வெளியூரிலிருந்து வீடு பார்க்க வருகிறார்கள். மழைநீர் தேங்காத நகரம் என்று விளம்பரம் வேறு! காவலாளியை அழைத்து மூடச் சொன்னேன்.

காலையில் அண்ணன் நனைந்தபடி வாசலில் நின்றார்.

"பயிர் முங்குதும்மா. கதிர் வர்ற நேரம். மதகைக் கொஞ்சம் தொறக்கச் சொல்லேன்."

"அது என் கையில இல்லண்ணே. ஆபீஸ்ல கேட்டுப் பாக்குறேன்."

கேட்கவில்லை. யாரிடம் கேட்பது? என் ஒரு சொல் போதுமே! ஏன் சொல்லவில்லை? வேலை போய்விடும் என்ற பயமா? என் திட்டமே பிழை என்று ஊர் அறிந்துவிடும் என்ற வெட்கமா? இன்றுவரை எனக்கே விளங்கவில்லை...

வந்தவர்கள் ஈரமில்லாத தெருக்களில் நடந்து, வியந்து, கைகுலுக்கிப் போனார்கள். மதிலுக்கு அப்பால் பயிர் அழுகியது.

"என் தங்கச்சி எவ்வளவோ கேட்டுப் பாத்துச்சு. ஆபீஸ்லதான் விடல" என்று, என்னைக் குறை சொன்னவர்களிடம் அண்ணன் சண்டைக்கு நின்றாராம். அதை அண்ணி சொல்லக் கேட்டும் நான் வாய் திறக்கவில்லை. நீங்களாக இருந்தால் திறந்திருப்பீர்களா?

போன வாரம் அவரே வந்தார்.

"அடுத்து கட்டுறதுக்கு நம்ம வயலையும் எடுத்துக்கச் சொல்லும்மா. இனிமே அங்க வெள்ளாமை ஆவாது. பிளான் போடுறது நீன்னா, நம்பிக் குடுத்துடலாம்."

தலையாட்டினேன்.

வரைபடத்தில் அவர் வயலை அளந்து முடித்துவிட்டேன். அது எப்படி அமையப்போகிறது என்று பார்க்க அண்ணன் இன்று வருகிறார்... அண்ணியையும் அழைத்துக்கொண்டு!