பூக்கொல்லையில் செருப்பு

எங்கள் பூக்கொல்லைக்குள் யாரும் செருப்போடு நுழையக் கூடாது. வாசல் படலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். மோட்டார் பழுது பார்க்க வருகிறவர், சொட்டுநீர்க் குழாய் பதிக்க வருகிறவர், எல்லோருக்கும் ஒரே சட்டம். ஒரு தடவை ஷூ போட்டுக்கொண்டு வந்த ஓர் அதிகாரி, கயிற்றை அவிழ்க்கச் சோம்பல்பட்டு, படலுக்கு வெளியே நின்றபடியே முல்லையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். எங்கள் வீட்டுக்காரர் அதைக் கீரமங்கலம் பூக்கடை வரைக்கும் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. விடிகாலையில் பறிக்கிற முதல் கைப்பூ அம்மனுக்குப் போகும். மீதிப் பூவும் எங்கோ ஒரு சாமி கழுத்துக்கோ கல்யாணப் பெண்ணின் தலைக்கோதான் போகும். அப்படிப்பட்ட பூ நிற்கிற மண்ணைச் செருப்பால் மிதிக்கலாமா? நான் கல்யாணமாகி வந்த புதிதில், மறதியாக இரண்டடி உள்ளே வைத்துவிட்டேன். மாமியார் சத்தம் போடவில்லை. செம்பில் மஞ்சள் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்து நான் மிதித்த இடத்தில் தெளித்தார். திட்டியிருந்தால்கூட அன்றோடு மறந்திருப்பேன். அந்த மஞ்சள் தண்ணீர் மறக்கவில்லை.

பூப் பறிப்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. முல்லை மொட்டு வாய் திறப்பதற்கு முன் கொய்துவிட வேண்டும். விடியுமுன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்குவோம். மற்றவர்கள் ஒரு வரிசையை முடிப்பதற்குள் நான் அடுத்த வரிசையில் பாதியில் நிற்பேன். இரண்டாவது முறை உண்டானபோதுதான் அந்தத் திமிர் ஆட்டம் கண்டது.

முதல் பிள்ளை ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். ஆண். குருவிக்குஞ்சு அளவுக்குத்தான் இருந்தான். ஒரு பகல் மூச்சு விட்டான், பிறகு விடவில்லை. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் தொட்டில் என்ற சொல்லை யாரும் வாயில் எடுத்ததில்லை. மறுபடி நாள் தள்ளிப்போனபோது, இந்தப் பிள்ளை தங்கிவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை. அம்மனிடம் கேட்டதும் அதுதான், சோற்றைப் பிசையும்போது நினைத்ததும் அதுதான்.

இந்தத் தடவை நான் வெளுத்துக்கொண்டே வந்தேன். அதைப் பார்த்து ஒருவரும் பயப்படவில்லை. பாராட்டினார்கள். மாசமானதும் என்ன நிறம் வந்துவிட்டது பார் என்றார்கள். தாய் வெளுத்தால் பொம்பளைப் பிள்ளைதான் என்று பூப் பறிக்க வருகிற பெண்கள் அடித்துச் சொன்னார்கள். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். கறுப்பாகப் பிறந்து, அதற்கான பேச்செல்லாம் கேட்டு வளர்ந்தவளுக்கு, சும்மா வருகிற நிறத்தை வேண்டாமென்று சொல்ல மனசு வருமா?

கூடவே அரிசி ஆசையும் வந்தது. களையும்போதே ஒரு கை அரிசி வாய்க்குள் போய்விடும். பச்சரிசி என்றால் இன்னும் விசேஷம். அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை வரும் என்று சின்னப் பிள்ளைகளை மிரட்டுவார்களே, அந்தப் பயமும் எனக்கில்லை, என் கல்யாணம்தான் வெயிலிலேயே முடிந்துபோயிருந்தது. மசக்கைக்காரி எதைக் கேட்டாலும் தரவேண்டும் என்று மாமியாரே தனியாக ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். அதைக் கொறித்தபடியே வரப்பில் உட்கார்ந்திருப்பேன். எழுந்தால் கண் இருட்டும். பாதி வரிசைக்குள் மூச்சு வாங்கும். பிள்ளை சுமக்கிற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மாதாமாதம் பார்க்கிற ஆலங்குடி டாக்டரம்மா அப்படி நினைக்கவில்லை. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்று கேட்டார். ஒரு வேளைகூடத் தவறாமல் விழுங்குகிறேன் என்றேன். அப்படியும் ரத்தம் ஏறவில்லையென்றால் எங்கோ போகிறது என்று அர்த்தம் என்று சொல்லி, மலம் சோதிக்க எழுதிக் கொடுத்தார். அந்தச் சின்ன டப்பாவை எதில் வைத்துக் கொண்டுபோவது என்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைசியில் பூப்பைக்குள் வைத்து, மேலே நாலு முழம் முல்லையைப் போட்டு மூடி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்து சீட்டு அம்மா வாசத்தை இழுத்து இழுத்து அனுபவித்துவிட்டு, முழம் என்ன விலை என்று கேட்டார். விற்கிறதுக்கில்லை என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கொக்கிப்புழு என்றார்கள். குடலைக் கவ்விப் பிடித்துக்கொண்டு ரத்தத்தைக் குடிக்குமாம். நான் சாப்பிட்ட கீரையையும் பேரீச்சம்பழத்தையும் மாத்திரையையும் எனக்கும் என் பிள்ளைக்கும் முன்னால் பந்தியில் உட்கார்ந்து அது சாப்பிட்டிருக்கிறது. கை கழுவாமல் தின்றதால் வந்ததா என்று கேட்டேன். டாக்டரம்மா என் காலைப் பார்த்தார். விரலிடுக்கில் அரிப்பு வருமா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேற்றுப்புண் வராத காலோடு எங்கள் கொல்லையில் யார் இருக்கிறார்கள்? எல்லோரும் மருதாணி அரைத்து வைத்துக்கொள்வோம். இரண்டு நாளில் அடங்கிவிடும்.

அவர் சிரிக்கவில்லை. வெளிக்கு இருக்கிற இடத்தில் புழுவின் முட்டை மண்ணில் விழும், ஈரமும் நிழலும் இருந்தால் கண்ணுக்குத் தெரியாத குட்டிப் புழுவாகிக் காத்திருக்கும், வெறுங்காலோடு மிதிக்கிறவர்களின் தோலைத் துளைத்து ஏறிவிடும் என்று பொறுமையாகச் சொன்னார். நாங்கள் மருதாணி வைத்து அடக்கிய அரிப்பு பல நேரம் அது உள்ளே நுழைந்த அடையாளம்தானாம்.

"மாத்திர குடுக்குறேன், புழு போயிரும்மா. ஆனா அதே மண்ணுல வெறுங்காலோட நின்னா திரும்பி வந்துரும்."

கிளம்பும்போது ஒன்று கேட்டேன். முதல் பிள்ளை போனதும் இதனால்தானா? அவர் பேனாவை மூடி வைத்தார். அதை இப்போது யாராலும் சொல்ல முடியாது என்றார். ரத்தம் குறைந்தால் பிள்ளை முன்கூட்டியே, எடை குறைவாகப் பிறக்கலாம், அதனால் இந்தப் பிள்ளைக்கு ரத்தத்தை ஏற்றிவிடுவோம் என்றார். அன்று வீட்டுக்காரரும் கூட வந்திருந்தார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். ஊரில் பகலில் அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை.

வீடு வந்து சேருவதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பறிக்க வருகிற பெண்கள் இருட்டோடு எழுந்து நேராகக் கொல்லைக்கு வருகிறவர்கள். எங்கே ஒதுங்குவார்கள்? வேலி ஓரம்தான். நானும் அங்கேதான். வீட்டில் கக்கூஸ் இருக்கிறது, ஆனால் பூ விரிவதற்குள் வீட்டுக்குப் போய்வர நேரம் ஏது? அந்த வேலியை ஒட்டித்தான் வாய்க்கால் வருகிறது. சொட்டுநீர் எட்டாத வரிசைகளுக்கு அதில்தான் தண்ணீர் திறந்துவிடுவேன். முல்லைப் புதருக்கடியில் எந்நேரமும் ஈரம், எந்நேரமும் நிழல். வெளியிலிருந்து ஒரு செருப்புத் தூசி வராமல் அந்த மண்ணை இத்தனை வருஷம் காத்து வந்திருக்கிறோம். நாங்கள் செருப்பை மட்டும்தான் வாசலில் நிறுத்தியிருந்தோம்.

நினைத்தபோது ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம். அன்று சாயங்காலமே, இனி கொல்லையில் எல்லோரும் செருப்புப் போட வேண்டும், மோட்டார் கொட்டகைப் பக்கம் ஒரு கக்கூஸ் கட்ட வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். கக்கூஸுக்கு உடனே சரி என்றார். செருப்பு என்றதும் முகம் மாறிவிட்டது. நீ பிள்ளை பெறும்வரை கொல்லைப் பக்கமே வராதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நான் வராவிட்டால் மற்ற பெண்களின் கால் என்ன இரும்பா என்று கேட்டேன். அவர்களும் நாளைக்கு உண்டாகிறவர்கள்தானே? சிலருக்குக் கைப்பிள்ளை வேறு இருந்தது.

உடும்புப் பிடி என்பார்களே, எங்கள் வீட்டுக்காரருடையது அதற்கும் மேலே. இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாவது நாள் சோற்றில் கை வைத்தபடியே கேட்டார்.

"சாமிக்குப் போற பூவச் செருப்புக் காலோட நின்னு பறிச்சா, சாமி என்ன சொல்லும்?"

எனக்குச் சட்டென்று எங்கள் கருப்பர் நினைவுக்கு வந்தார். எங்கள் குலசாமி. ஊர் எல்லையில் அருவாளோடு நிற்பவர். இரவெல்லாம் அவர் காவல் சுற்றுவதால் முள் குத்தக் கூடாதென்று, வேண்டுதல் உள்ளவர்கள் ஆணி அடித்த செருப்புச் செய்து காணிக்கை வைப்பது வழக்கம். எங்கள் கல்யாணத்துக்கு முன் வீட்டுக்காரரே ஒரு ஜோடி செய்து வைத்தவர். அதைத் தலையில் சுமந்து கொண்டுபோனதை என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார்.

"கருப்பரு செருப்புப் போட்டுத்தாங்க காவலுக்குப் போறாரு. அவரு காலுக்குப் பாத்தீங்க. எங்க காலுக்குப் பாக்க மாட்டீங்களா?"

அவரு சாமி என்று முனகினார். அடுப்படியிலிருந்து மோர் ஊற்ற வந்த மாமியார்தான், புதுச் செருப்பாக வாங்கி மஞ்சள் தொட்டு வைத்து, கொல்லையைவிட்டு வெளியே போடாமல் வைத்துக்கொண்டால் தோஷமில்லை என்று தீர்ப்புச் சொன்னார். என் காலடியில் மஞ்சள் தண்ணீர் தெளித்த அதே மாமியார். அவரும் அந்தக் குருவிக்குஞ்சைத் துணியில் சுற்றிக் கையில் வாங்கியவர்தான்.

முன்பக்கம் மூடிய பிளாஸ்டிக் செருப்புகள் வாங்கினோம். மோட்டார் கொட்டகையில் ஒரு மூங்கிலை இரண்டு ஆணியில் கிடத்தி அதில் மாட்டி வைத்தோம். முதல் நாள் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஈரத்தில் செருப்பு ஒட்டிக்கொண்டது, ஒருத்தி காலை எடுத்தாள், செருப்பு வரவில்லை. வழக்கத்தைவிடப் பூ மெதுவாகத்தான் வந்தது. கொட்டகைக்குப் பின்னால் கட்டிய கக்கூஸுக்கு நான்தான் காவல்காரி. யாராவது வேலிப் பக்கம் நகர்ந்தால், அங்கிட்டு எங்க போறீங்க என்று என் குரல் முன்னால் போய் நிற்கும். பின்னால் திட்டியிருப்பார்கள், திட்டட்டும். நகம் வெட்டு, சோப்புப் போடு, கீரையை மூன்று தண்ணீரில் அலசு என்று என் வாய் ஓயவில்லை. எல்லோரும் சுகாதார நிலையத்துக்குப் போய்க் கேட்டு மாத்திரையும் போட்டுக்கொண்டோம்.

இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. வந்த நோய் தீர்ந்தால் மொட்டை போடுவார்கள், காது குத்துவார்கள், கிடா வெட்டுவார்கள். வராத நோய்க்கு யார் மொட்டை போடுகிறார்கள்? ஒன்றும் நடக்காமல் இருப்பதற்காகத் தினமும் ஒன்றைச் செய்துகொண்டே இருக்க வேண்டும். அது நடக்கவில்லை என்பதைக் கண்ணால் பார்க்கவும் முடியாது. சேற்றுப்புண் குறைந்தது, மருதாணிச் செடி தப்பித்தது, அவ்வளவுதான் அத்தாட்சி. சில நாள் எனக்கே அலுப்பாக இருக்கும். அப்போதெல்லாம் வயிற்றில் கை வைத்துப் பார்ப்பேன், உள்ளேயிருந்து ஓர் உதை வரும்.

ஊசியும் மாத்திரையுமாக ரத்தம் மெல்ல ஏறியது. அரிசி ஆசை போன இடம் தெரியவில்லை. நானும் பழையபடி கறுத்தேன், அதற்கு ஒருவரும் பாராட்டவில்லை. மாதம் நிறைந்து மகள் பிறந்தாள். அவள் அழுத சத்தம் வராந்தாவரை கேட்டதாம். எடை போடும்போது நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். நல்ல பிள்ளை என்று நர்ஸம்மா சொன்ன பிறகுதான் திறந்தேன்.

இத்தனைக்கும் வீட்டுக்காரர் மட்டும் செருப்புப் போடவே இல்லை. எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்தார், அறுந்தால் மாற்றிக் கொடுத்தார், தன் காலுக்கு மட்டும் மாட்டேன் என்றார். வீட்டில் ஒரு ஆளாவது சாமிக்குப் பயப்பட வேண்டாமா என்பார். நானும் விட்டுவிட்டேன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அவர் கையில் மாத்திரையை வைத்து, விழுங்கும்வரை எதிரில் நிற்பதோடு சரி.

மகள் ஓடத் தொடங்கியபோது ஆலங்குடியில் அவளுக்கு ஒரு செருப்பு வாங்கினேன். மிதித்தால் கீச்சுக் கீச்சென்று கத்தும் செருப்பு. ஒரு நாள் விடிந்த பிறகு அவளைக் கொல்லைக்குக் கூட்டிப்போனோம். படலைத் திறந்ததும் அவர் வழக்கம்போல் குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வெறுங்காலோடு உள்ளே போனார். அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கீழே உட்கார்ந்து, தன் செருப்பைக் கழற்றி வேப்பமரத்தடியில் ஒழுங்காக வைத்தாள். மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். வாய்க்கால் பக்கமாக நடக்க ஆரம்பித்தாள்.

நான் வாயெடுப்பதற்குள் அவர் திரும்பிப் பார்த்துவிட்டார். ஓடிவந்து அவளைத் தூக்கி மடியில் உட்கார வைத்து, உள்ளங்காலை வேட்டியால் துடைத்தார். விரலிடுக்கை ஒவ்வொன்றாகத் துடைத்தார். செருப்பை மாட்டிவிட்டார்.

"போட்டுக்க ஆத்தா. சாமி ஒண்ணும் சொல்லாது."

அவள் குனிந்து அவர் காலைப் பார்த்தாள். அழுக்குப் படிந்த அந்தப் பெரிய கட்டைவிரலைத் தொட்டு, "அப்பாவுக்கு?" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் பார்க்காதவள் போல மொட்டைக் கொய்துகொண்டிருந்தேன். அவர் எழுந்து கொட்டகைக்குப் போய், மூங்கிலில் மீதியிருந்த பொம்பளைச் செருப்பு ஜோடி ஒன்றில் காலை நுழைத்துக்கொண்டு வந்தார். குதிகால் இரண்டும் வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. முன்னால் கீச்சுக் கீச்சென்று மகள், பின்னால் தத்தித் தத்தி அவர், முல்லை வரிசைக்குள் போனார்கள். எனக்கு அப்போது மூத்தவன் நினைவு வந்தது. அவனுக்கு ஒரு செருப்பு வாங்குகிற அளவுக்குக்கூட நாள் இருக்கவில்லை. கண்ணீர் பூவில் விழக் கூடாதென்று முந்தானையால் துடைத்துக்கொண்டு, அம்மனுக்கான கைப்பூவைத் தனியே எடுத்து வைத்தேன்.