ஜெராட் அண்ணையின் இரண்டு போன்கள்

கடந்த செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை முற்பகல் 11.40க்கு, மொன்றியலின் புவாண்ட்-கிளேரில் ஒரு தேவாலய மண்டபத்தில், இரண்டு தமிழ் மென்பொருள் அணிகள் நான்கு ஆண்டுகளில் முதன்முறையாக ஒருமித்து ஒரு முடிவெடுத்தன. ஜன்னலைத் திறப்பது. பாதியளவுக்கு. எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை. கூட்டக் குறிப்பில் அதைக் கவனமாக எழுதிக்கொண்டேன்.

நான் போனது ஜெராட் அண்ணைக்காக. மன்னார்க்காரர், பக்கத்துக் கர்க்லாண்டில் மகளோடு இருக்கிறார், கண் பார்வை இல்லை. போனில் வரும் தமிழை உரக்க வாசிக்கும் ‘வாசிப்பான்’ என்ற இலவசச் செயலிதான் அவருக்குத் துணை. அது திறந்தமூல மென்பொருள். யாரும் எடுத்துத் திருத்தலாம். ஒருவர் எடுத்துத் திருத்தி ‘நல்வாசிப்பான்’ என்று வெளியிட்டார். பழையது பிரெஞ்சுத் தெருப்பெயர்களை அழகாகச் சொல்லும், எண்களை விட்டுவிடும். புதியது எண்களைச் சொல்லும், பிரெஞ்சை விட்டுவிடும். இரண்டுக்கும் உள்ளே ஒரே அடையாளப் பெயர், அதை மாற்ற இரு தரப்புக்கும் மனமில்லை. எனவே ஒரு போனில் ஒன்றைத்தான் ஏற்றலாம். அண்ணை இரண்டு போன் வைத்திருக்கிறார்.

திங்கட்கிழமை அவருக்கு ஒரு சாப்பாட்டுக் கடையில் சோதனை நாள். வாட்ஸ்அப்பில் தமிழில் வரும் ஆர்டர்களைக் கேட்டு, எத்தனை, எந்தத் தெரு என்று உள்ளே சொல்லும் வேலை. முதலாளி ஒரு போனுக்குத்தான் சம்மதித்தார்.

டொராண்டோவிலிருந்து வெள்ளி பகல் 12.30 பஸ், 540 கிலோமீட்டர், ஆறரை மணி நேரம், 62 டாலர். டோர்வலில் அறை 118 டாலர். விமானச் சத்தம் இலவசம். காலையில் புவாண்ட்-கிளேர் பஸ்ஸில் ஐந்து டாலர்த் தாளை நீட்டினேன். சாரதி “பொன்ஜூர்” என்று சொல்லி, நாணயம் மட்டும் விழும் சில்லறைப் பெட்டியைக் காட்டினார். அந்த வார இறுதியில் நான் கேட்ட மிகத் தெளிவான பதில் அது.

என்னை நடுநிலையாளராக அழைத்திருந்தார்கள். நான் ஒரு வரி நிரல்கூட எழுதியதில்லை என்பதால் இரு தரப்பும் என்னைச் சமமாக இகழ முடிந்தது. பழையதன் பொறுப்பாளர் சிவநேசன், யாழ்ப்பாணம். புதியதன் பொறுப்பாளர் கார்த்திக், சென்னை.

“எண் திருத்தத்தை மூணு தடவை அனுப்பிட்டேன் சார். மூணு தடவையும் சேர்த்துக்காம மூடிட்டீங்க.”

“தம்பி, நடைமுறை எண்டு ஒண்டு இருக்கு. எங்கட படிவத்திலை வரேல்லை.”

“உங்க படிவத்துல ‘மூலத் திட்டத்துக்கு நன்றி’ன்னு ஒரு கட்டம் இருக்கு சார். அதை டிக் பண்ணணுமாம்.”

“நன்றி சொல்ல ஏன் கஷ்டம்?”

எனக்குக் கோபம் வந்தது, இன்னும் போகவில்லை. இருவரில் எவருக்கும் மற்றவரின் அனுமதி தேவையே இல்லை. உரிமம் அப்படித்தான் சொல்கிறது: எடுத்துக்கொள். மற்றவரின் திருத்தத்தைச் சேர்ப்பது அரைமணி நேர வேலை என்று இருவரும் என்னிடம் தனித்தனியே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் எடுத்தால், மற்றவன் எழுதியது நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடும். உலகத்துக்கே உழைப்பைத் தானம் செய்யும் இந்த வள்ளல்களால் அதை மட்டும் கொடுக்க முடியவில்லை.

மதியம் வடை வந்தது. பிறகு கூட்டறிக்கையில் எந்தத் திட்டத்தின் பெயர் முதலில் வருவது என்று இரண்டு மணி பத்து நிமிடம் பேசினார்கள். அகர வரிசைதான் நியாயம் என்று கார்த்திக். வயது வரிசைதான் முறை என்று சிவநேசன்.

மூலையில் இருந்த ஜெராட் அண்ணை இரண்டு போன்களையும் மேசையில் வைத்தார்.

“தம்பிமார், திங்களுக்கு எதைக் கொண்டுபோறது? அதை மட்டும் சொல்லுங்கோ, நான் போறன்.”

“எங்கடையை!”

“எங்களோடதை!”

“ஓம், விளங்குது” என்றார் அண்ணை. “ரெண்டு பேரும் நல்லாத்தான் வாசிக்கிறியள்.”

3.50க்கு ஓர் ஒத்துழைப்புக் குழு அமைந்தது. யார் தலைவர் என்பதைப் பிறகு கதைப்பதாக ஏற்பாடு. நான்கு மணிக்கு ஜன்னலை நானே மூடினேன்.

போகிறவர்களுக்கு: பஸ்ஸுக்கு 3.75 டாலரைச் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒத்துழைப்புக் கூட்டம் என்று அழைத்தால், வேலையை முடித்துவிட்டுப் பேசுவார்களா என்று முதலில் கேளுங்கள். பேசிவிட்டு முடிப்பதாகச் சொன்னால் பஸ் காசு மிச்சம். மென்பொருள் செய்பவர்களுக்கு: உங்கள் திட்டத்தைப் பயன்படுத்தும் ஒருவரைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு, முதல் ஐந்து நிமிடம் அவரைப் பேச விடுங்கள். நாங்கள் கூப்பிட்டோம், மூலையில் இருத்தினோம். அதில் எனக்கும் பங்குண்டு.

திங்கட்கிழமை அண்ணை எண் வாசிக்கும் போனைக் கொண்டுபோனார். ஐந்து மணி ஆர்டருக்கு நாற்பது ரோல்ஸ் சரியாக எண்ணிப் பெட்டியில் வைக்கப்பட்டன. எந்தத் தெருவுக்கு என்று தெரியாமல் ஏழு மணிக்கும் பெட்டி கடையிலேயே இருந்தது. செவ்வாயிலிருந்து ஆர்டர் கேட்கும் மேசையில் வேறொருவர் இருக்கிறார்.