விசாகக் கமிட்டியிலிருந்து போன்

கடலூரில் எங்கள் ஆபீஸ் வாட்ச்மேன் வந்து, "சார், விசாகக் கமிட்டிலேருந்து போன். சாயங்காலம் ஆறு மணிக்கு நீங்க அவசியம் வரணுமாம்" என்று சொன்னபோது நான் ஒரு வடையில் பாதியை மென்றிருந்தேன். மீதிப் பாதி இறங்கவில்லை.

விசாகா கமிட்டி என்றால், வேலை செய்யும் இடத்தில் பெண்களுக்கு யாராவது தொல்லை கொடுத்தால் விசாரிக்கும் குழு. சட்டப்படி இருந்தே ஆகவேண்டும் என்று போன மாதம்தான் எங்கள் ஆபீசிலும் அமைத்து, உறுப்பினர் பெயர்களைத் தண்ணீர் ஃபில்டருக்கு மேலே ஒட்டினார்கள். "இனிமே தண்ணி குடிக்கவே பயமா இருக்கே" என்று ஜோக்கடித்தவன் நான்தான். சிரித்தவனும் நான் மட்டும்தான்.

யார் புகார் கொடுத்திருப்பார் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. டெஸ்பாட்ச் பிரிவில் கீரப்பாளையத்திலிருந்து வரும் பெண், கல்யாணமாகாதவர். நாலு வருஷமாக அவரைப் பார்த்ததும், "என்னம்மா, கல்யாணச் சாப்பாடு எப்போ?" என்பேன். எனக்கு அது குட்மார்னிங் மாதிரி. வேலை போய், பேப்பரில் போட்டோ வந்து, சிதம்பரத்தில் என் மனைவி அந்தப் போட்டோவின் மேலேயே வெங்காயம் உரிப்பது வரை கண்ணுக்குள் ஓடிவிட்டது.

நேராக அவர் மேஜைக்குப் போய், "மேடம்" என்றேன்.

"என்ன சார், உடம்பு சரியில்லையா?"

"அந்தக் கல்யாணச் சாப்பாட்ட இனிமே கேக்க மாட்டேன். தப்புதான். மன்னிச்சிடுங்க. அந்தப் புகார மட்டும்..."

"நான் புகாரே குடுக்கலயே!" பேனாவை மூடி வைத்தார். "ஆனா குடுத்திருக்கணும். நீங்க டீக்குப் போறவரைக்கும் தெனம் வண்டி ஸ்டாண்டுலயே நிக்கறேன், தெரியுமா? அப்பவும் திரும்பி வந்து கேட்டுடுவீங்க."

தெரியாது. அவர் லேட்டாக வருவதைப் பற்றியும் ஒரு ஜோக் வைத்திருந்தேன். அதை விழுங்கினேன்.

அப்போது என் செல் அடித்தது. எடுத்த அவசரத்தில் விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது. மனைவியின் தம்பி.

"மாமா! எத்தினி வாட்டி போன் பண்றது? அதான் ஆபீசுக்கே பண்ணேன். வைகாசி விசாகத்துக்கு நம்ம தெரு முருகன் கோயில்ல மோர் ஊத்த உங்க பேரப் போட்டிருக்கு. கமிட்டி மீட்டிங்குக்கு வந்துடுங்க!"

டெஸ்பாட்ச் பிரிவே சிரித்தது. அவர் மேஜையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. கூடவே வாயும் வந்தது.

"அப்ப அந்த மன்னிப்பு...?"

"கோயில் கமிட்டியா இருந்தா என்ன சார்? கேட்டது கேட்டதுதான். வாபஸ்லாம் கெடையாது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்புறம், மேடம்னே கூப்புடுங்க. நல்லாருக்கு."