மாமா திருத்தாமல் விட்ட சத்தம்

மாமா பதுளையிலிருந்து அந்தக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்த அன்று வரிசை வீடுகளாய் நீளும் எங்கள் லயமே வாசலில் கூடிவிட்டது. சிவப்பு நிறம். ஓரமெல்லாம் சாயம் உரிந்திருந்தது. யாரோ தட்டித் தட்டிச் சலித்துப்போய்க் கடையில் தள்ளிவிட்ட சாமான் என்பது பார்த்தாலே தெரியும். மாமா வயரை ஸ்பீக்கர் பெட்டியில் செருகி, தலைமுடியைக் கோதிவிட்டு, முதல் கம்பியைத் தட்டினார். பாட்டா வந்தது? 'உம்ம்ம்' என்று ஓர் இரைச்சல், அதன் மேல் ஓர் ஊளை, இரண்டுக்கும் நடுவில் அப்பளம் நொறுங்குவதுபோல ஒரு கரகரப்பு. பக்கத்துக் காம்பறா வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்னா தம்பி, சினை மாட்டையா உள்ள கட்டி வச்சிருக்க?" என்று கேட்டாள். சனம் சிரித்தது. மாமாவின் காது கிட்டாரின் நிறத்துக்கு வந்துவிட்டது.

மாமா என்றால் அம்மாவின் கடைசித் தம்பி. பெற்றவள் போன பிறகு அவரை இடுப்பில் வைத்து வளர்த்தது அம்மாதான். அந்த அம்மா அப்போது குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். தெமோதரைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அப்பா, மாமா, நான் என மூன்று பேர். அம்மாவின் பங்குக்கு ஒரு கைபேசி. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள முடியாது. எங்கள் வீட்டுக்குள் கவரேஜ் கிடைப்பது ஜன்னல் ஓரத்தில் ஒரே ஓர் இடத்தில்தான். அங்கே ஆணி அடித்து ஒரு தகரக் குவளையை மாட்டி, அதற்குள் கைபேசியை நிற்க வைத்திருந்தோம். கரண்டு பிளக்கும் அந்த ஜன்னலடியிலேயே இருந்ததால் மாமாவின் ஸ்பீக்கர் பெட்டியும் குவளைக்கு நேர் கீழே வந்து உட்கார்ந்துகொண்டது.

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் பாட்டுக் கச்சேரி உண்டு. குழுவை நடத்தியவர் பசறை மாஸ்டர். அவர் கிட்டாரைக் கேட்டுவிட்டு, "இரைச்சல் இல்லாம வாசிச்சுக் காட்டு, மேடையில எடம் தாறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். மாமாவுக்கு அது போதும். சோறு தண்ணி மறந்தார்.

சும்மா சொல்லக்கூடாது, முறையாகத்தான் தேடினார். வயரை அசைத்தால் கரகரப்பு கூடியது. செருகும் இடத்தில் நட்டு தளர்ந்திருந்தது, இறுக்கினார், போயிற்று. பெட்டிக்கு முகம் காட்டி நின்றால் ஊளை வந்தது. பெட்டியிலிருந்து வரும் சத்தத்தையே கிட்டார் திரும்பக் கேட்டு மறுபடி கத்துகிறது என்று கண்டுபிடித்து, நீள வயர் போட்டு வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் நின்று வாசித்தார். எங்கள் காம்பறாவில் வேறு எங்கே போய் நிற்பது? அந்த 'உம்ம்ம்' மட்டும் அடம்பிடித்தது. ஆனால் கம்பியில் கை வைத்தால் அடங்கியது, எடுத்தால் எழும்பியது. ஃபெக்டரியில் வேலை செய்த அப்பா அதைப் பார்த்துவிட்டு, தேயிலைப் பையின் உள்ளே இருக்கும் வெள்ளித்தாளில் கழிவு கொஞ்சம் கேட்டு வாங்கி வந்தார். கிட்டாரின் வயிற்றைத் திறந்து உள்ளே அந்தத் தாளை ஒட்டி, கம்பியோடு சேரும் வயரையும் அதில் இணைத்தார் மாமா. இரைச்சல் பாதிக்கு மேல் குறைந்தது. கிட்டாரில் தேயிலை மணத்தது. "கொழுந்துக்காரி புள்ள வாசிக்கிற கிட்டாரு வேற எப்புடி மணக்கும்?" என்றார் அப்பா.

மிஞ்சியது ஒரே ஒரு சத்தம். 'டிட்டிடிட், டிட்டிடிட்' என்று எங்கிருந்தோ வரும், போய்விடும். அது என்னவென்று எனக்கு ஏற்கெனவே தெரியும். அந்தச் சத்தம் வந்த கொஞ்ச நேரத்தில் கைபேசி அடிக்கும், எடுத்தால் அம்மா! மாமா மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, நான் பெருமையாய்ச் சொன்னேன்: "அது அம்மா வாற சத்தம் மாமா."

மாமா என்னைப் பார்த்தார், குவளையைப் பார்த்தார். கிட்டாரைக் கழற்றிவிட்டுப் பெட்டியை மட்டும் ஓட விட்டார். அப்போதும் சத்தம் வந்தது. கைபேசியை எடுத்துக்கொண்டு இஸ்தோப்பைத் தாண்டிப் போய் வெகுநேரம் நின்றார். பெட்டி வாய் திறக்கவில்லை. திரும்பி வந்து கைபேசியைப் பழையபடி குவளைக்குள்ளேயே வைத்தார்.

"ஆனா மாமா, சில நேரம் சத்தம் வருது, அம்மா பேசுறதில்லையே?" என்று கேட்டேன்.

மாமா கொஞ்சம் யோசித்தார். "டயல் பண்ணியிருப்பாடி. அதுக்குள்ள வீட்டுக்காரி கூப்பிட்டிருப்பா. வச்சிட்டுப் போயிருப்பா."

அடடா, எனக்கு அது எவ்வளவு பெரிய சொத்து! அன்று முதல் பெட்டி 'டிட்டிடிட்' என்றால் நான் எங்கே இருந்தாலும் ஓடிவந்து, "சரிம்மா" என்று அதனிடம் பதில் சொன்னேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பெட்டியைப் போடச் சொல்லி மாமாவை நச்சரித்தேன். அவரும் போட்டார். வாசிக்காத நேரத்திலும் அது ஓடிக்கொண்டிருந்தது.

அம்மாவின் ஒப்பந்தம் முடிகிற வருஷம் அது. வருகிறாளா இல்லையா என்பதை வருகிற வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றிருந்தாள். அந்த வெள்ளிதான் திருவிழாக் கச்சேரியும். மேடைக்குப் போகுமுன் மாஸ்டர் எல்லாரிடமும், "போனையெல்லாம் நிப்பாட்டுங்க," என்றார். மாமாவும் தலையாட்டினார்.

கோயில் மேட்டில் கவரேஜுக்குக் குறைவில்லை. மூன்றாவது பாட்டில் மாமா தனியாக வாசிக்கும் இடம் வந்தது. என்ன அழகாய் வாசித்தார்! அப்போதுதான் கோயில் ஒலிபெருக்கி முழுக்க, மலை எதிரொலிக்க, 'டிட்டிடிட், டிட்டிடிட்' என்றது. சனம் கொல்லென்று சிரித்தது. மாஸ்டரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். மாமா கம்பியிலிருந்து கையை எடுத்து, சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்து, மேடைக்குக் கீழே நின்ற என்னிடம் நீட்டினார்.

"அம்மா, வாறியா?"

"இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்றாங்க, கண்ணு. அப்பாவுக்கும் மாமாவுக்கும் நீதான் சொல்லணும். அழாத என்னா?"

நான் அழவில்லை. "பரவால்லம்மா. நீதான் தெனமும் கூப்பிடுறியே. எங்களுக்குப் பெட்டியில கேக்குது."

"நான் எங்கடி தெனமும் கூப்பிட்டேன்? வெள்ளிக்கிழமை மட்டுந்தானே போனைக் கையில தாறாங்க," என்றாள். வீட்டுக்காரி பக்கத்தில் நிற்கிறாள் போலிருக்கிறது, அதனால்தான் அம்மா மறைக்கிறாள் என்று நினைத்தேன். எவ்வளவு கெட்டிக்காரி நான்! "மாமாகிட்டக் குடு," என்றாள். மாமா மேடையை விட்டு இறங்கி வந்து வாங்கினார். அவர் பேசியதில் எனக்குக் கேட்டது ஒன்றுதான்: "இருக்கட்டும்க்கா. அப்புடியே இருக்கட்டும்."

மாஸ்டர் அடுத்த வருஷம் மாமாவைக் கூப்பிடவில்லை.

வெகு காலம் கழித்து, கொழும்பில் நான் வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் ஒன்று 'டிட்டிடிட்' என்றது. என் வாய் தானாகவே "சரிம்மா" என்றது. பக்கத்து மேசைக்காரர் விநோதமாகப் பார்த்துவிட்டுத் தன் கைபேசியைத் தள்ளி வைத்தார். "யாரும் கூப்பிடலைங்க. கவரேஜ் சரியில்லாத இடத்துல போன் சும்மா டவரைத் தேடும், அதான் இந்தச் சத்தம்," என்றார். எங்கள் லயத்தில் கவரேஜ் எந்த லட்சணத்தில் இருந்தது என்று எனக்குத் தெரியாதா?

எழுந்து வெளியே போய் மாமாவை அழைத்தேன். "ஒங்களுக்கு அப்பவே தெரியும்தானே? அப்பறம் ஏன் மாமா அப்புடிச் சொன்னீங்க?"

மாமா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ஒனக்காகன்னா நெனச்ச?" என்றார். "நீ பள்ளிக்கூடம் போன பொறகும் பெட்டி ஓடிக்கிட்டுத்தான்டி இருந்துச்சு."