மூன்றாவது நீதிபதி சொன்னது

குவா பெக் ஹூன் கோலாலம்பூரில் ஒரு சட்ட இதழுக்கு இருபத்தெட்டு வருடமாகத் தீர்ப்புச் சுருக்கம் எழுதி வந்தாள். ஹாங்காங், சிங்கப்பூர், சிட்னி என்று எங்கிருந்து தீர்ப்பு வந்தாலும் தொண்ணூறு பக்கத்தைப் பத்து வரியில் அடக்கிவிடுவாள். நம் ஊர் வழக்குக்கு அது உதவுமா என்று கீழே கருத்தும் எழுதுவாள். வக்கீல்கள் அந்தப் பத்து வரியோடு நிறுத்திக்கொள்வார்கள். நீதிபதிகளும் மனிதர்கள்தானே.

கணவர் போனபிறகு அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. அழக்கூட வரவில்லை. தகனம் முடிந்த மூன்றாம் நாளே அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? அது நடந்து இரண்டு வருடமாகிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை ஷா ஆலம் உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று கருத்துரைக்கு வந்தது. கம்பெனி வேனில் வேலைக்குப் போன கிரேன் ஓட்டுநர் விபத்தில் இறந்திருந்தார். நஷ்டஈடு கேட்ட மனைவி நோர்லிடா தோற்றிருந்தாள். பயண நேரம் வேலை நேரமல்ல, முதலாளிக்குப் பொறுப்பில்லை என்ற ஹாங்காங் தீர்ப்பைப் பின்பற்றுவதாக நீதிபதி எழுதியிருந்தார். அந்த வாக்கியம் பெக் ஹூன் எழுதியதுதான்.

ஹாங்காங் தீர்ப்பின் மூலத்தைத் திறந்து பார்த்தாள். மூன்று நீதிபதிகளில் இருவர் முதலாளிதான் பொறுப்பு என்றிருந்தார்கள். அவள் எடுத்துப் போட்டிருந்தது, அவர்களோடு ஒத்துப்போகாத மூன்றாமவர் சொன்னதை. தாமதமாகப் போட்ட வழக்கு என்று மூவருமே தள்ளுபடி செய்து, முடிவில் முதலாளியே ஜெயித்ததால் தவறு யார் கண்ணிலும் படவில்லை. சுருக்கத்தின் அடியில் தேதி இருந்தது. தகனத்துக்கு மூன்றாம் நாள்.

எடிட்டர் சுல்ஹைரியிடம் போய்ச் சொன்னாள்.

"இணையத்துல சத்தமில்லாம மாத்திடலாம் அக்கா. யாருக்குத் தெரியப்போகுது?"

"அந்தப் பொண்ணு அப்பீல் போட இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு."

"நாம என்ன அவங்க வக்கீலா? வெளிய தெரிஞ்சா நீங்க எழுதின ஒவ்வொண்ணையும் தோண்டுவாங்க. வேலை போயிடும்லா!"

"போகட்டும்."

வீரமெல்லாம் ஒன்றுமில்லை. பயம் இருக்கவேண்டிய இடம் அவளுக்குக் காலியாகக் கிடந்தது.

நோர்லிடாவின் வக்கீல் பால்ராஜைப் போனில் பிடித்தாள். விஷயத்தைச் சொன்னாள்.

"நான் முழுசா படிச்சிருக்கணும், மேடம்."

"ஆமா, படிச்சிருக்கணும்."

"சட்டமே அப்படித்தான்னு சொல்லி அந்தம்மாவ அனுப்பி வச்சவன் நான். இப்ப மாத்திச் சொன்னா நம்பமாட்டாங்க. நீங்களே சொல்லுங்க" என்று நோர்லிடாவையும் லைனில் சேர்த்துவிட்டார்.

நோர்லிடாவின் பக்கம் எண்ணெயில் ஏதோ பொரியும் சத்தம் கேட்டது.

"வேணாம் அக்கா. போதும். வேலைக்குன்னுதான் வேன்ல ஏறினாரு, அது வேலை இல்லன்னுட்டாங்க. சட்டமே அப்படின்னா நான் யார்கிட்டப் போய்ச் சண்டை போட?"

"சட்டம் அப்படி இல்லம்மா. அப்படின்னு எழுதினது நான்."

"தெரிஞ்சா எழுதினீங்க?"

"இல்ல. என் வீட்டுக்காரர எரிச்சு மூணாம் நாள் எழுதினேன். கண்ணு பாட்டுக்குப் படிச்சது. நான் படிக்கல."

பொரியும் சத்தம் நின்றது. அடுப்பை அணைத்துவிட்டாள் போலிருக்கிறது. திட்டுவாள் என்று பெக் ஹூன் காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"மூணாம் நாளா? இன்னிக்கு வேலைக்குப் போகாதீங்கன்னு சொல்ல ஒருத்தர்கூடவா இல்ல அக்கா உங்களுக்கு?"

இரண்டு வருடத்தில் முதல் முறையாகப் பெக் ஹூன் அழுதாள்.

"நாளைக்குக் காலையில வக்கீல் ஆபீசுக்கு வர்றேன்" என்றாள் நோர்லிடா. "நீங்களும் வாங்க. சாப்பிட்டுட்டு வாங்க."