சிவப்பு டியூப் எந்தக் கைக்கு

என் சித்தி கோவிந்தம்மாள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உட்கார்ந்தாலும் கை சொறிந்துகொண்டே இருக்கும். எங்கள் பக்கம் இதைக் கரப்பான் என்பார்கள். தர்மபுரி டாக்டர் அடோபிக் டெர்மடைட்டிஸ் என்று எழுதினார். பத்து வயதில் வலது உள்ளங்கை வெடித்து ரசம் பட்டாலே எரிந்ததால், இடது கையால் சாப்பிடத் தொடங்கியவர். பிறகு அந்தக் கைக்கும் வந்தது. பழக்கம் மட்டும் மாறவில்லை. பந்தியில் யாராவது முகம் சுளிப்பார்கள் என்று கல்யாண வீடுகளில் சாப்பிடாமலே வந்துவிடுவார்.

கம்பைநல்லூர் பக்கத்தில் ஒரு பள்ளியில் அவர் சத்துணவு உதவியாளர். போன வருடம் இரண்டு பிள்ளைகளின் அம்மாக்கள் வந்து, அந்தக் கையால் பரிமாற வேண்டாம் என்றார்கள். அன்றிலிருந்து பாத்திரம் கழுவும் வேலைதான். சோப்புத் தண்ணீரில் கை இன்னும் மோசமானது. மறுபடி கரண்டி பிடிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய ஆசை.

அதனால் தர்மபுரி ஆஸ்பத்திரியில் புதுக் களிம்பைச் சோதிக்க ஆள் எடுக்கிறார்கள் என்றதும் உடனே கையெழுத்துப் போட்டார். ஆறு வாரம். சிவப்பு வளையம் போட்ட டியூப் ஒரு கைக்கு, பச்சை வளையம் மற்றதற்கு. ஒன்றில் மருந்து, இன்னொன்றில் வெறும் களிம்பு. எது எதுவென்று டாக்டருக்கே தெரியாது. பிளஸ் டூ முடித்து வீட்டில் இருப்புக்கொள்ளாமல் கிடந்த நான் கூடப் போனேன். எந்தக் கையில் எவ்வளவு அரிப்பு என்று தினமும் கேட்டு நோட்டில் எழுதினேன். களிம்பை மட்டும் சித்தி கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பூசுவார்.

நான்காவது வாரம் இடது கை தெளிந்துவிட்டது. வலது கை அப்படியே இருந்தது. டாக்டர் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டு புது டியூப்கள் கொடுத்தார். இந்த முறை ஒரு சீட்டும் இருந்தது.

பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் இட்லி சாப்பிடும்போது அதைப் படித்தேன். சிவப்பு, வலது கை என்றிருந்தது.

“சிவப்பு வலது கைக்குத்தானே சித்தி போடறீங்க?”

“சோத்துக்கைக்கு. நர்ஸம்மா வெளக்கமாத்தான் சொன்னாங்க” என்று சட்னி ஒட்டிய இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

சோத்துக்கை என்றால் எல்லோருக்கும் வலது கை. புரியட்டும் என்றுதான் நர்ஸ் அப்படிச் சொல்லியிருக்கிறார். சித்தி சோறு சாப்பிடுவது இடது கையால். நான் விளக்கியதும் அவர் இட்லியை அப்படியே வைத்துவிட்டார். அப்படியானால் சிவப்பில்தான் மருந்து. டாக்டரோ, இடது கையை ஆற்றியது பச்சை என்று குறித்திருக்கிறார்.

சொன்னால் நிறுத்திவிடுவார்களா என்று கேட்டார். நிறுத்தலாம் என்று கையெழுத்துப் போட்ட தாளில் இருந்ததைச் சொன்னேன்.

“இன்னும் ரெண்டு வாரம் இருக்குது. சிவப்ப இந்தக் கைக்கும் போட்டா ரெண்டும் ஆறிடும். யாருக்குத் தெரியப்போவுது?”

பஸ் ஏறினோம். சித்தி பையை மடியில் வைத்தார், கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். ஊர் எல்லை தாண்டுவதற்குள் எழுந்துவிட்டார்.

“எறங்கு. நாளைக்கு எவளாச்சும் பச்சையப் பூசிக்கினு, ஆறும் ஆறும்னு குந்தியிருப்பா.”

ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னை நிறுத்தி, புதுச் சிவப்பு டியூபைத் திறந்தார். கால்வாசியைப் பிதுக்கி வலது உள்ளங்கையில் அப்பினார். பிறகுதான் உள்ளே போனார்.

டாக்டர் கோபப்படவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு விசாரித்தார், குறிப்பைத் திருத்தினார். இனி சித்தியைச் சோதனையில் வைத்துக்கொள்ள முடியாது என்றார். வழக்கமான களிம்பு ஒன்றை எழுதிக் கொடுத்தார். டியூப்களைத் திரும்ப வாங்கும்போது, புதுசு ஏன் இவ்வளவு இளைத்திருக்கிறது என்று நர்ஸ் கேட்டார். சித்தி வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் அந்தக் கையை எதிலும் படாமல் தூக்கியே வைத்திருந்தார். மொரப்பூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

“இஸ்கூலுக்குப் போன் போடு. நாளைக்குப் பாத்திரம் கழுவ வரமாட்டேன்னு சொல்லு.”